தரையிலே நிகழும் பரீட்சை: தாமே கட்டிய விமானமும் பாதுகாப்பின் சமூக அடிப்படையும்

1

விமானத்தின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பலவற்றில் ஒரு பொதுப்பண்பினை நாம் அவதானிக்கலாம். விமானம் நிலத்தைவிட்டு எழும் கணத்திலேயே அவற்றின் கதை உச்சமடைகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலைனாக் கடற்கரையில், 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் திகதி, ஓர்வில் ரைற் 12 வினாடிகள் பறந்தார் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. அந்த 12 வினாடிகளுக்கு முந்திய பத்து மாதங்களில் தரையிலே முறிந்தவை எவை, பிளந்தவை எவை, அவற்றைத் திருத்தியவர் யாவர் என்பன அத்துணை பேசப்படுவதில்லை. எழுச்சி வரலாறாகவும், அதற்கு முந்திய உழைப்பு அவ்வரலாற்றின் அடிக்குறிப்பாகவும் கொள்ளப்படுகின்றன.

இவ்வாறான எடுத்துரைப்பின் பின்னால் ஒரு கருத்துநிலை தொழிற்படுகின்றது. தனிமனித மேதைமையும் துணிவுமே வரலாற்றை நகர்த்துகின்றன என்பது அது. இலக்கிய வரலாற்றிலும் இக்கருத்துநிலையை நாம் நன்கறிவோம். அங்கு அதனால் விளைவது பிழையான மதிப்பீடு. தமது கொட்டிலிலே தாமே ஒரு விமானத்தைக் கட்டி, அதனைத் தாமே ஓட்ட முற்படும் ஒருவர் இதே கருத்துநிலையை நம்பிச் செயற்படுவாராயின், அதனால் விளைவது உயிரிழப்பு. தாமே கட்டிய விமானங்களைத் தரையிலே பரிசோதிக்கும் முறைகளையும், அவற்றின் சமூக அடிப்படையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ரைற் சகோதரரின் விமானம், டேற்றன் நகரத்துத் துவிச்சக்கர வண்டிக் கடையொன்றில் உருவானது. அதன் இயந்திரத்தை வடித்தவர் அக்கடையிலே 1901 முதல் பணியாற்றிய சார்ள்ஸ் ரெய்லர் என்ற பொறிவினைஞர். முறையான வரைபடங்கள் இன்றி, துண்டுத் தாளிற் கீறிய குறிப்புகளைக் கொண்டு ஏறத்தாழ ஆறு வாரங்களில் அவர் அதனை முடித்தார். 1903 பெப்ரவரியில் அவ்வியந்திரம் தரையில் வைத்து ஓட்டப்பட்டது. மறுநாளே சிந்திய பெற்றோலினால் தாங்கிகள் இறுகி, அலுமினிய உடற்பகுதி உடைந்தது. புதிய வார்ப்பு ஏப்ரிலிலேயே கிடைத்தது.

செப்ரெம்பரில் சகோதரர் இருவரும் கடற்கரை முகாமுக்குச் சென்றனர். நொவெம்பர் 5ஆம் திகதி, நிறுத்தி வைத்த விமானத்தில் இயந்திரத்தை இயக்கியபோது அது ஒழுங்கின்றி அதிர்ந்து, உந்துவிசிறிகளைச் சுழற்றும் தண்டுகளைச் சேதப்படுத்தியது. தண்டுகள் டேற்றனுக்கு அனுப்பப்பட்டு, ரெய்லராற் செப்பமிடப்பட்டு, நொவெம்பர் 20ஆம் திகதி திரும்பி வந்தன. 28ஆம் திகதி மீண்டும் ஒரு தண்டிலே வெடிப்புக் காணப்பட்டது. ஓர்வில் தாமே டேற்றனுக்குப் புறப்பட்டுச் சென்று, குழாய்த் தண்டுகளுக்குப் பதிலாக உள்ளீடுள்ள உருக்குத் தண்டுகளைச் செய்துகொண்டு டிசெம்பர் 11ஆம் திகதி திரும்பினார். ஆறே நாட்களின் பின் அவர் பறந்தார்.

இங்கு முக்கியமானது யாதெனில், மூன்று முறிவுகளும் தரையிலேயே நிகழ்ந்தமையாகும். நொவெம்பர் 28ஆம் திகதிய வெடிப்பு வானிலே நிகழ்ந்திருப்பின், டிசெம்பர் 17ஆம் திகதி நமது பாடநூல்களில் இடம்பெற்றிராது. அவர்களைக் காத்தவை மூன்று: பறப்பதற்கு முன் இயக்கிப் பார்த்தல், ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் உற்று நோக்குதல், குறை கண்டவிடத்துக் குளிர்காலம் நெருங்கியபோதும் காத்திருத்தல். இவற்றிற்குத் துணைநின்ற ரெய்லரின் பெயர் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. வறுமையுற்ற முதுமையில் அவர் மருத்துவமனையொன்றின் தர்மப் பிரிவிலே கண்டுபிடிக்கப்பட்டார் என்பதும், 1956இல் மறைந்தார் என்பதும் அம்மறதிக்குச் சான்றாகும்.

இதற்கு எதிர்மறையான எடுத்துக்காட்டு, நான்கு ஆண்டுகள் முந்தியது. இங்கிலாந்தில் பேர்சி பில்ச்சர் என்ற பொறியியலாளர், இயந்திரம் பூட்டிய மூவடுக்குச் சிறகு விமானமொன்றைக் கட்டி முடித்திருந்தார். பணவுதவி செய்யக்கூடியோர் முன்னிலையில் 1899 செப்ரெம்பர் 30ஆம் திகதி அதனை இயக்கிக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்குச் சில நாட்களுக்கு முன் இயந்திரத்தின் கிறாங்க் தண்டு முறிந்தது. தரை தனது எச்சரிக்கையைத் தந்துவிட்டது. பில்ச்சரும் அப்புதிய விமானத்தில் ஏறவில்லை. ஆனால் வந்திருந்த விருந்தினரை ஏமாற்ற மனமின்றி, மழையும் காற்றும் கலந்த அந்நாளில், இயந்திரமற்ற தமது பழைய கிளைடரில் ஏறினார். வானிலே அதன் வால் முறிந்தது. ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்த அவர் இரண்டு நாட்களின் பின் இறந்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்குமிடத்து, வேறுபாடு மேதைமையில் இல்லை என்பது புலனாகும். டேற்றன் சகோதரருக்குத் தமது கடையின் வருவாயும், காத்திருக்கும் சுதந்திரமும் இருந்தன. பில்ச்சரோ மூலதனத்தைத் தேடி நின்றவர். பணமுடையோரின் வருகை அவரது நாட்குறிப்பை நிர்ணயித்தது. பாதுகாப்பு என்பது காலத்தைத் தன்வயமாக வைத்திருக்கும் ஆற்றலோடு தொடர்புடையது. அவ்வாற்றலோ பொருளாதார நிலையிலிருந்து பிரிக்கமுடியாதது.

3

இன்று தாமே விமானம் கட்டும் வழக்கம் பல நாடுகளில் உண்டெனினும், அது மிகப் பரந்து காணப்படுவது ஐக்கிய அமெரிக்காவிலேயாகும். அங்குள்ள விதிகளின்படி, ஒரு விமானத்தின் பெரும்பகுதியைத் தமது கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தனியார் தாமே ஆக்கியிருப்பின், அது பரிசோதனை விமானம் என்ற வகுப்பில் அனுமதி பெறலாம். 1953இல் போல் பொபெரெஸ்னி மில்வோக்கி நகரில் நிறுவிய பரிசோதனை விமானச் சங்கம் இத்தகையோரை ஒன்றிணைத்தது. உதிரிப்பாகங்களைப் பெட்டிகளில் அடைத்து விற்கும் நிறுவனங்களும் பின்னர் பெருகின. ஆயினும் சட்டத்தின் கண்ணில் விமானத்தின் உற்பத்தியாளர் அதனைக் கட்டி முடித்தவரே. பாகங்கள் சந்தையிலிருந்து வருகின்றன. பொறுப்போ ஒரு தனிமனிதரின் தலையில் அமர்கின்றது.

அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2012இல் வெளியிட்ட ஆய்வு இப்பொறுப்பின் கனத்தை உணர்த்துகின்றது. தனியார் சிறு விமானங்களும் உள்ளிட்ட பொதுப் பறப்புத் துறையில், தாமே கட்டியவை ஏறத்தாழ 10 சதவீதமே. ஆனால் 2011இல் அத்துறையில் நிகழ்ந்த விபத்துக்களில் ஏறத்தாழ 15 சதவீதமும், உயிரிழப்பு விபத்துக்களில் ஏறத்தாழ 21 சதவீதமும் அவற்றுக்குரியனவாயிருந்தன. இயந்திரம் செயலிழத்தலும், வானிலே கட்டுப்பாடு இழத்தலும் முதன்மையான காரணங்களாகக் காணப்பட்டன. எரிபொருள் வழங்கல் தொகுதி முறையாகப் பரிசோதிக்கப்பட்டுப் பதிவு செய்யப்படவேண்டும் என்பது அவ்வாய்வின் பரிந்துரைகளுள் ஒன்று.

இந்நிலைக்குக் காரணம் கட்டுவோரின் அசட்டை என்று கூறிவிடுதல் எளிது. பல்லாண்டுக்கால மாலைப்பொழுதுகளையும் சேமிப்பையும் ஒரு பொருளில் இடுபவர் அசட்டையானவராக இருப்பது அரிது. காரணத்தை உழைப்பின் அமைப்பிலே தேடவேண்டும். தொழிற்சாலையில் வரைபவர் ஒருவர், பொருத்துபவர் ஒருவர், பரிசோதிப்பவர் ஒருவர், முதலிற் பறப்பவர் ஒருவர். இவ்வுழைப்புப் பிரிவினை மனிதனை எங்ஙனம் கூறுபடுத்துகின்றது என்பதை மார்க்ஸ் விரிவாகக் காட்டியுள்ளார். கொட்டிலிலே விமானம் கட்டுபவர் அடையும் மகிழ்ச்சிக்கு, இழந்த முழுமையை மீட்டெடுக்கும் உணர்வும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பிரிவினையோடு சேர்ந்து இன்னொன்றும் மறைந்துவிடுகின்றது. அது, செய்தவனின் கண்ணல்லாத இரண்டாவது கண்.

'மூலதனம்' முதலாந் தொகுதியில் மார்க்ஸ் கட்டடக் கலைஞனையும் தேனீயையும் ஒப்பிடுவார். கலைஞன் தான் கட்டப்போவதை முன்னரே சிந்தையில் எழுப்பிவிடுகிறான் என்பது அவ்வொப்பீட்டின் சாரம். மனித உழைப்பின் இச்சிறப்பே சரிபார்க்கும் வேளையில் இடையூறாகின்றது. சிந்தையிலுள்ள விமானத்தைக் கண்டு பழகிய கண், முன்னால் நிற்கும் விமானத்தின் குறையைக் காண்பதில்லை. நூலாசிரியர் தமது அச்சுப்படியைத் தாமே ஒப்புநோக்கும்போது எழுத்துப்பிழைகள் தப்பிவிடுவதை நாம் அறிவோம். அவர் வாசிப்பது தாளிலுள்ளதை அன்று, தாம் எழுத எண்ணியதை. அச்சுப்படியிற் பிழைதிருத்தம் சேர்க்கலாம். விமானத்திற்கு அவ்வசதி தரையில் நிற்கும் வரையிலேதான் உண்டு.

4

தரைப் பரிசோதனையின் ஒவ்வொரு படியும் இந்த இரண்டாவது கண்ணை வேறு வேறு வழிகளில் உருவாக்குவதாகும். அவற்றுட் சிலவற்றை இங்கு நோக்குவோம்.

முதலாவது, கட்டுப்பாட்டுப் பரப்புகள். கைப்பிடியை இடப்பக்கம் சாய்த்தால் இடச் சிறகின் பின்னோரத் தகடு மேலெழவும், வலச் சிறகினது கீழிறங்கவும் வேண்டும். கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்டிருப்பின் இது தலைகீழாகும். அப்போது சாய்வைத் திருத்த ஓட்டுநர் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் சாய்வை மிகுவிக்கும். இதனைச் சரிபார்க்கையில் ஒருவர் உள்ளே இருக்க, மற்றொருவர் வெளியே நின்று, எது எழுந்தது, எது தாழ்ந்தது என்று தாம் கண்டதைச் சொல்லவேண்டும். வெறுமனே "சரி" என்பது போதாது. அச்சொல் நட்பைக் காட்டுமேயன்றிக் காட்சியைக் காட்டாது.

இரண்டாவது, உந்துவிசிறி. சிறு விமான இயந்திரங்கள் பலவற்றில் தீப்பொறியைத் தருவது மக்னீற்றோ என்னும் கருவி. அது மின்கலத்தை நம்பியிராது, தனது சுழற்சியினாலேயே மின்னை ஆக்குவது. அதன் ஆளி 'நிறுத்து' என்ற நிலையில் இருக்கும்போது, ஆக்கப்படும் மின் ஒரு கம்பி வழியாக இயந்திரத்தின் உடலோடு இணைக்கப்பட்டு வீணாக்கப்படுகின்றது. அக்கம்பி அறுந்திருப்பின், ஆளி எந்நிலையிலிருப்பினும் மக்னீற்றோ உயிர்ப்புடனேயே இருக்கும். மோட்டார் வண்டியில் கம்பி அறுந்தால் பொறி நின்றுவிடும். இங்கு கம்பி அறுந்தால் அதனை நிறுத்தவியலாது. உருளையில் எரிபொருள் ஆவி சிறிது தங்கியிருப்பின், நின்றுகொண்டிருக்கும் விசிறியைக் கையால் அசைத்த மாத்திரத்தே அது எகிறிச் சுழலக்கூடும். எனவே எந்நேரமும் எந்த விசிறியும் உயிருள்ளது எனக் கொள்ளவேண்டும் என்பது அடிப்படை விதி. இயந்திரத்தை அணைக்குமுன் மிகக் குறைந்த வேகத்தில் ஆளியைக் கணப்பொழுது 'நிறுத்து' நிலைக்குத் திருப்பி, அது உண்மையில் ஓயத் தொடங்குகின்றதா என்று பார்ப்பதும் இதன் பொருட்டே. வேகமாகச் சுழலும் விசிறி கண்ணுக்குப் புலப்படாது. அதன் சுழல்தளத்தில் எவரும் நிற்றலாகாது. குடும்பத்தவரும் அயலவரும் வேடிக்கை பார்க்கக் கூடும் இந்நாளில், காப்பாற்றப்படவேண்டியோர் ஓட்டுநர் மாத்திரமல்லர்.

மூன்றாவது, எரிபொருள். விமானம் சமதரையில் நிற்கையில் பெற்றோல் தடையின்றி ஓடலாம். மூக்கை உயர்த்தி மேலேறும்போது தாங்கிக்கும் இயந்திரத்துக்குமிடையிலான உயர வேறுபாடு மாறி, ஓட்டம் குன்றலாம். அவ்வாறாயின் தரையிலே நன்கு முழங்கிய இயந்திரம், திரும்பி இறங்க இடமற்ற உயரத்தில் ஓய்ந்துவிடும். ஆகவே, எதிர்பார்க்கும் மிகக் கூடிய ஏற்றக்கோணத்திலும் சற்று அதிகமாக மூக்கை உயர்த்தி நிறுத்தி, குழாயைக் காபரேற்றரிலிருந்து கழற்றி, ஒரு கலத்தில் ஒழுகவிட்டு அளக்கவேண்டும். புவியீர்ப்பால் மட்டும் வழங்கப்படும் தொகுதியில், முழுவலுவோடு எழும்போது இயந்திரம் நுகரும் அளவின் 150 சதவீதமும், பம்பியினால் வழங்கப்படுவதில் 125 சதவீதமும் ஒழுகவேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. மணிக்கு 36 லீற்றர் நுகரும் இயந்திரத்துக்கு, புவியீர்ப்பு முறையில் 10 நிமிடத்திலே 9 லீற்றர் கலத்தில் சேரவேண்டும். ஒரு வாளியும் ஒரு மணிக்கூடும் இருந்தாற் போதும். எனினும் மேற்கூறிய ஆய்வு இதனை வலியுறுத்த வேண்டியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

நான்காவது, இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தல். விமானம் காற்றை நோக்கி நிறுத்தப்பட்டு, சில்லுகளுக்கு ஆப்பு வைக்கப்பட்டு, அசையாத ஒன்றோடு வலிய கயிற்றாற் கட்டப்படவேண்டும். தீயணைகருவியோடு ஒருவர் ஆயத்தமாக நிற்கவேண்டும். கைச்சைகைகள் முன்னரே உடன்பட்டிருக்கவேண்டும். இயக்கி 30 வினாடிக்குள் எண்ணெய் அமுக்கம் காட்டாவிடின் உடனே நிறுத்தவேண்டும். ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் மூடியைக் கழற்றி, கசிவு, உராய்வு, தளர்ந்த ஆணி ஆகியவற்றைத் தேடவேண்டும். மர விசிறியாயின், மரத்தின் ஈரப்பதம் மாறுந்தோறும் அதன் ஆணிகளின் இறுக்கமும் மாறும்.

இங்கு ஒரு முரண்பாடு எழுகின்றது. இவ்வியந்திரங்கள் பறக்கும்போது எதிர்ப்படும் காற்றினாற் குளிர்பவை. நின்ற நிலையில் நெடுநேரம் ஓட்டினால் அவை மிகையாகச் சூடேறும். புதிய இயந்திரமாயின், குறைந்த சுமையில் நீண்டநேரம் ஓடுதல் அதன் வளையங்கள் உருளைச் சுவரோடு ஒழுங்காகப் பொருந்துவதைக் கெடுக்கும். பரிசோதனை குறைந்தால் ஆபத்து மறைந்திருக்கும். மிகுந்தால் பரிசோதனையே சேதத்தை விளைவிக்கும். எனவே குறுகிய ஓட்டங்கள், இடையிலே குளிரவிடுதல், வெப்பமானிகளை இடையறாது நோக்குதல் என்பன விதிகளாயின.

5

தரைப் பரிசோதனையின் இறுதிப்படி, விமானத்தை ஓடுபாதையில் உருட்டிச் செல்லல். நடைவேகத்தில் தொடங்கி, தடுப்பையும் திருப்பத்தையும் அறிந்து, படிப்படியாக வேகத்தை உயர்த்துவர். அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிருவாகம் இத்தகையோருக்கென வெளியிட்டுப் பன்முறை திருத்தியுள்ள கைந்நூல், சிறகின் தூக்குவிசை குலையும் எனக் கணிக்கப்பட்ட வேகத்தின் 80 சதவீதத்தை இதற்கு எல்லையாகக் காட்டுகின்றது.

அளவு மாற்றம் ஒரு கட்டத்தில் பண்பு மாற்றமாகின்றது என்ற இயக்கவியல் விதிக்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. வேகம் சிறிது சிறிதாகவே கூடுகின்றது. எதிர்க்காற்று ஒருமுறை வீசியடித்ததும், உருண்டுகொண்டிருந்த வண்டி பறந்துகொண்டிருக்கும் விமானமாகிவிடுகின்றது. பறக்கத் தீர்மானியாத ஒருவர் இப்போது வானில் இருக்கிறார். ஓடுபாதையிற் பாதி கடந்துவிட்டது. திகைப்பில் வலுவை முற்றாகக் குறைத்தால் விமானம் தாழ்ந்த உயரத்திலிருந்து விழும்; குறைக்காவிடின் பரிசோதித்தறியாத விமானத்திற் பறந்தே ஆகவேண்டும். இதனாலேயே வேக உருட்டல் ஒவ்வொன்றையும் ஒரு பறப்பாகவே கருதி ஆயத்தஞ் செய்யுமாறு வற்புறுத்தப்படுகின்றது. ஆசனப்பட்டி, தலைக்கவசம், முடிக்கப்பட்ட சோதனைப் பட்டியல், தகுதியுள்ள ஓட்டுநர் ஆகிய யாவும் அதற்கு முன்பே தேவை. ஆண்டுக்கணக்காகக் கட்டுவதில் ஈடுபட்டிருந்தவரின் ஓட்டும் பயிற்சி மங்கியிருக்கலாம். கட்டியவரே முதலில் ஓட்டவேண்டும் என்ற பெருமிதத்தை விட்டுக்கொடுப்பதும் ஒரு பாதுகாப்பு நடவடிக்கையே.

6

இவை யாவும் நிறைவேறினும், தனிமனிதரின் தரைப் பரிசோதனை அறியமுடியாதன சில உண்டு. பிரான்ஸ் நாட்டு ஹென்றி மினியே 1933 செப்ரெம்பரில் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டு, சாதாரண மக்கள் எளிய கருவிகளால் அதனைக் கட்டும் வழியை 1934இல் நூலாக வெளியிட்டார். ஆங்கிலத்தில் 'பறக்கும் தெள்ளு' எனப் பெயர்பெற்ற அது பல நாடுகளிற் பரவியது. செல்வந்தரின் தனியுடைமையாயிருந்த வானத்தைச் சாதாரணர்க்குத் திறந்துவிட முயன்ற அம்முயற்சியின் முற்போக்கான கூறினை நாம் மறுத்தலாகாது. ஆனால் அதில் ஏறியோர் சிலர் செங்குத்தாகப் பாய்ந்து மாண்டனர். 1936இல் இங்கிலாந்தின் பார்ன்பரோவிலும் பிரான்சின் ஷலே-மெதோனிலும் உள்ள அரச ஆய்வுகூடங்களில் முழுவிமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. முன்னும் பின்னுமாக அமைந்த இரு சிறகுகளும் ஒன்றையொன்று பாதித்தன. மூக்கு ஓரளவுக்கு மேற் தாழ்ந்தால், அதனை மீளத் தூக்கும் வலிமை கட்டுப்பாட்டுக்கு இல்லாதொழிந்தது.

அக்குறை எந்தக் கொட்டிலிலும் புலப்பட்டிருக்க இயலாது. அதனைக் காண்பதற்குப் பொதுப்பணத்தில் எழுந்த ஒரு காற்றுச் சுரங்கம் வேண்டியிருந்தது. குறை அறியப்பட்டபின் திருத்தமும் இயல்வதாயிற்று. மினியேயின் பிற்கால அமைப்புக்கள் அதற்குச் சான்று. மக்களுக்கு வானம் உரியதாக வேண்டுமெனில், ஆய்வுகூடமும் அவர்களுக்கு உரியதாதல் வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு முடிபு தெளிவாகின்றது. சோதனைப் பட்டியலின் ஒவ்வொரு வரியும், முன்னொருவர் இழந்த கையிலிருந்தோ உயிரிலிருந்தோ பிறந்தது. இறந்தோரின் உழைப்பு கருவிகளில் உறைந்திருப்பதுபோல, அவர்களது அனுபவம் இவ்விதிகளில் உறைந்திருக்கின்றது. பாதுகாப்பை எச்சரிக்கையுள்ள தனிமனிதரின் நற்குணமாகக் கருதும்வரை, விபத்து நேருந்தோறும் குற்றத்தை இறந்தவர் மீது சுமத்துவதே வழக்கமாயிருக்கும். அதனைச் சமூகம் சேர்த்துவைத்த அறிவாகக் கருதுவோமாயின், அவ்வறிவு ஒவ்வொரு கொட்டிலையும் சென்றடைகின்றதா, சரிபார்க்க இரண்டாமவர் ஒருவர் அருகில் உள்ளாரா, காத்திருப்பதற்கான காலம் கட்டுபவருக்கு உண்டா என்ற வினாக்களை எழுப்புவோம். இவ்வினாக்களுக்கு விடை காணவேண்டிய இடம் தரையே.